கடையில் 110, ஆலையில் 370: விநியோகச் சங்கிலிக்குள் என்ன நடக்கிறது?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். பென்சில் கையில் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் மனக்கணக்கே போதும்.

ஒரு கடை, அதற்குச் சரக்கு தரும் மொத்த வியாபாரி, அவருக்குச் சரக்கு அனுப்பும் ஆலை. மூன்றே பேர். கடையில் வாரத்துக்கு 100 பீஸ் விற்கிறது. மூவருக்கும் ஒரே கொள்கை: வாரக் கடைசியில் இரண்டு வாரத் தேவைக்கான ஸ்டாக் கையில் இருக்க வேண்டும். ஆக, ஆளுக்கு 200. மாதக்கணக்கில் எல்லாம் அமைதியாக ஓடுகிறது. வாரா வாரம் 100 போகிறது, 100 வருகிறது.

ஒரு வாரம் கடையில் 110 விற்றுவிடுகிறது. இனி இப்படித்தான் போகும் போல என்று கடைக்காரர் நினைக்கிறார். 200-ல் 110 போக மீதி 90. இரண்டு வாரத்துக்கு இப்போது 220 வேண்டும். எனவே 130-க்கு ஆர்டர் போடுகிறார்.

மொத்த வியாபாரிக்குக் கடையில் நடந்தது தெரியாது. அவர் கண்ணில் படுவது 130 என்ற எண் மட்டும்தான். 'அடடா, விற்பனை 30 சதவீதம் ஏறிவிட்டதே' என்று அவர் எடுத்துக்கொள்கிறார். 130-ஐ அனுப்பியதும் அவரிடம் மீதி 70. அவர் கணக்கில் இரண்டு வாரத்துக்கு 260 வேண்டும். ஆலைக்கு 190-க்கு ஆர்டர் போகிறது. ஆலையில் இதே கதை. 190 அனுப்பினால் மிஞ்சுவது 10, வேண்டியது 380. '370 தயாரியுங்கள்' என்று உத்தரவு வருகிறது. ஓவர்டைம், கூடுதல் ஷிஃப்ட், மூலப்பொருளுக்கு அவசர ஆர்டர் என்று ஆலையே பரபரக்கிறது.

அடுத்த வாரமும் கடையில் அதே 110 விற்கிறது. கடைக்காரர் 110 கேட்கிறார். மொத்த வியாபாரியிடம் 260 இருந்தது, 110 போக 150. இப்போது அவருக்கு 220 இருந்தால் போதும், எனவே வெறும் 70 கேட்கிறார். ஆலையில் 380-ல் 70 போக 310 கிடக்கிறது. வாரத்துக்கு 70 என்றால் 140 போதுமே! 170 பீஸ் அதிகம். மெஷினை நிறுத்து. போன வாரம் ஓவர்டைம் பார்த்தவர்கள் இந்த வாரம் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்.

கடையில் ஏறியது 10 சதவீதம். ஆலையில் அது 270 சதவீதம் ஏறி, மறுவாரமே பூஜ்யத்துக்கு விழுந்தது. இத்தனைக்கும் மூவரில் யாரும் தப்புக் கணக்குப் போடவில்லை. தன் கண்ணுக்குத் தெரிந்ததை வைத்து ஒவ்வொருவரும் சரியாகத்தான் முடிவெடுத்தார்கள். விநியோகச் சங்கிலி மேலாண்மை என்று தனியாக ஒரு துறை ஏன் வேண்டியிருக்கிறது என்று யாராவது கேட்டால், நான் இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன்.

இதை முதலில் விரிவாக எடுத்துச் சொன்னவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர். 1958-ல் வந்த கட்டுரையிலும், 1961-ல் வந்த புத்தகத்திலும் அவர் காட்டியது இதுதான்: தேவையில் ஏற்படும் சிறு அசைவு, சங்கிலியில் மேலே போகப் போகப் பெரிதாகிறது. பிறகு அதே நிறுவனத்தில் இதை ஒரு விளையாட்டாகவே ஆக்கினார்கள். பீர் கேம் என்று பெயர். நான்கு பேர் வரிசையாக உட்கார்ந்து சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என்று பாத்திரம் ஏற்பார்கள். ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது, ஆர்டர் சீட்டு மட்டும் கைமாறும். சில சுற்றுகளுக்குள் ஒருவரிடம் மலைபோல் சரக்கு, இன்னொருவரிடம் மலைபோல் பாக்கி ஆர்டர். முடிவில் 'வாடிக்கையாளர் தேவை எப்படி இருந்திருக்கும், வரைந்து காட்டுங்கள்' என்றால், பலரும் ஏறி இறங்கும் அலையை வரைவார்கள். வழக்கமான ஆட்டத்தில் தேவை ஒரே ஒரு முறைதான் மாறுகிறது. 4 பெட்டியாக இருந்தது 8 ஆகிறது, அப்புறம் கடைசிவரை 8-தான். அலையை உண்டாக்கியவர்கள் அவர்களேதான்.

ஆட்டத்தில் மட்டுமல்ல, நிஜத்திலும் இப்படித்தான். பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் பாம்பர்ஸ் டயப்பர் ஆர்டர்களை ஆராய்ந்தபோது இதே வடிவம் தென்பட்டது. குழந்தைகள் டயப்பர் பயன்படுத்துவதில் என்ன பெரிய ஏற்ற இறக்கம் இருந்துவிடப்போகிறது? கடை விற்பனை ஓரளவு சீராகத்தான் இருந்தது. ஆனால் விநியோகஸ்தர்களின் ஆர்டர் அதைவிட அதிகமாக ஆடியது, நிறுவனம் தன் சப்ளையர்களுக்குப் போட்ட ஆர்டர் அதையும்விட ஆடியது. சாட்டையைப் பிடித்த கை லேசாகச் சுண்டினாலும் நுனி வீசியடிக்கும் அல்லவா? அதனால் இதற்குச் சாட்டை விளைவு என்று பெயர். ஹாவ் லீயும் அவருடன் இரு ஆய்வாளர்களும் 1997-ல் இதற்கு நான்கு காரணங்களைச் சொன்னார்கள். ஒன்றை ஏற்கெனவே பார்த்துவிட்டோம்: நிஜ விற்பனையைப் பார்க்காமல், கீழே இருப்பவரின் ஆர்டரை வைத்து எதிர்காலத்தைக் கணிப்பது. அடுத்தது, லாரி நிறையட்டும் என்றோ மாதக் கடைசி ஆகட்டும் என்றோ ஆர்டர்களைச் சேர்த்துவைத்து மொத்தமாகப் போடுவது. மூன்றாவது, தள்ளுபடி. விலை குறையும்போது மூன்று மாதச் சரக்கை வாங்கிக் குவித்துவிட்டு அப்புறம் மூன்று மாதம் வாய் திறக்காமல் இருப்பது. நான்காவது கொஞ்சம் தந்திரமானது. சரக்குத் தட்டுப்பாடு, கேட்டதில் பாதிதான் கிடைக்கும் என்று தெரிந்தால், 100 தேவைப்படுகிறவர் 200 கேட்பார். தட்டுப்பாடு தீர்ந்த மறுநாள் அந்த ஆர்டர்களில் பாதி ரத்தாகும். அதை நம்பிப் புது மெஷின் வாங்கிய ஆலை தலையில் கை வைக்கும்.

சரி, பெயருக்கு வருவோம். கொள்முதல், உற்பத்தி, கிடங்கு, போக்குவரத்து, விற்பனை எல்லாம் வியாபாரம் தோன்றிய நாளிலிருந்தே இருக்கின்றன. இவற்றை ஒரே சங்கிலியாகப் பார்த்து, ஒன்றாக நிர்வகிக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு 'சப்ளை செயின் மேனேஜ்மென்ட்' என்ற பெயர் பொதுவெளியில் புழங்கத் தொடங்கியது 1982-ல். கீத் ஆலிவர் என்ற நிர்வாக ஆலோசகர் பத்திரிகைப் பேட்டி ஒன்றில் சொன்னது. சங்கிலி என்ற சொல் எனக்கு அவ்வளவு பிடிப்பதில்லை. ஒரு ஆலைக்கு நூறு சப்ளையர் இருப்பார்கள், அந்த நூறு பேருக்கும் தனித்தனியாகச் சப்ளையர்கள் இருப்பார்கள். வலை என்றால் பொருத்தமாக இருந்திருக்கும். போகட்டும், பெயர் நிலைத்துவிட்டது.

இந்தச் சங்கிலியில் சரக்கு கீழ்நோக்கி வருகிறது, பணம் மேல்நோக்கிப் போகிறது. 'எவ்வளவு வேண்டும், எப்போது வேண்டும்' என்ற தகவல்தான் மூன்றாவது ஓட்டம். மூன்றுமே தாமதமாகப் போகின்றன, தகவலோ தாமதத்தோடு திரிந்தும் போகிறது. தகவல் எங்கெல்லாம் குறைகிறதோ அங்கெல்லாம் அதன் இடத்தில் சரக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது. நாளைக்கு எவ்வளவு விற்கும் என்று சரியாகத் தெரிந்தால் அவ்வளவு மட்டும் வைத்தால் போதும். தெரியாததால்தான் கூடுதலாக வைக்கிறோம். கிடங்கில் அடுக்கியிருக்கும் பெட்டிகளில் கணிசமான பங்கு, நமக்குத் தெரியாதவற்றுக்காக அங்கே நிற்கிறது.

எவ்வளவு கூடுதலாக வைப்பது? இங்கே லீட் டைம் வருகிறது. ஆர்டர் போட்ட நாளிலிருந்து சரக்கு கைக்கு வரும் நாள்வரை ஆகும் காலம் அது. ஒரு நாளைக்கு 20 பீஸ் விற்கிறது, சரக்கு வர 10 நாள் ஆகும் என்றால், கையில் 200 மீதி இருக்கும்போதே அடுத்த ஆர்டர் போட்டாக வேண்டும். அது எளிது. ஆனால் அந்தச் சப்ளையர் '10 நாள்' என்று சொல்லிவிட்டு ஒரு முறை 7 நாளில் கொண்டுவந்து இறக்குகிறார், இன்னொரு முறை 16 நாள் இழுத்தடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரக்குத் தீரக் கூடாது என்றால் 16 நாளுக்கான 320-ஐக் கணக்கில் வைக்க வேண்டும். 120 பீஸ், வருஷம் முழுக்க, அந்த ஒருவரின் வாக்குத் தவறலுக்காக மட்டும் கிடங்கில் கிடக்கும். இன்னொரு சப்ளையர் 12 நாள் எடுத்துக்கொள்கிறார், ஆனால் சரியாக 12-ஆம் நாள் லாரி வாசலில் நிற்கும். அவரோடு வேலை செய்தால் 240 போதும். சராசரியில் மெதுவானவர், ஆனாலும் அவரால் நமக்கு மிச்சம் 80 பீஸ். விலைப்பட்டியலை மட்டும் ஒப்பிட்டுச் சப்ளையரைத் தேர்ந்தெடுக்கிறவர்களுக்கு இந்த 80 கண்ணில் படுவதே இல்லை.

நேரத்துக்கும் ஸ்டாக்குக்கும் உள்ள உறவை இன்னும் சுருக்கமாகச் சொல்ல ஒரு சூத்திரம் உண்டு. ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்தது, லிட்டில் விதி என்பார்கள். ஒரு அமைப்புக்குள் சராசரியாக இருக்கும் சரக்கு என்பது, ஒரு நாளைக்கு அதன் வழியாகப் போகும் அளவையும், ஒரு பீஸ் உள்ளே தங்கும் நாள்களையும் பெருக்கினால் வருவது. ஒரு நாளைக்கு 50 பீஸ் ஓடுகிறது, உள்ளே நுழைந்து வெளியே போக 40 நாள் ஆகிறது என்றால், எந்த நேரத்திலும் 2000 பீஸ் உள்ளே இருக்கும். கிடங்கு மேலாளரைக் கூப்பிட்டு 'ஸ்டாக்கைப் பாதியாக்கு' என்று சத்தம் போட்டுப் பலனில்லை. 40 நாளை 20 நாளாக்கினால் ஸ்டாக் தானாகவே 1000-க்கு வந்துவிடும். அந்த 40 நாளில் மெஷினில் ஏறி நிஜமாக வேலை நடக்கும் நேரம் பெரும்பாலும் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் காத்திருப்பு: கையெழுத்துக்கு, லாரிக்கு, பரிசோதனைக்கு, வரிசையில் முன்னால் நிற்கும் வேறொரு ஆர்டர் முடிவதற்கு.

ஒரு முறை ஆர்டர் போட்டால் எவ்வளவு போடுவது என்ற கேள்வி இன்னும் பழையது. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினால் ஆர்டர் செலவும் வண்டிச் செலவும் ஏறும். எப்போதாவது மொத்தமாக வாங்கினால் கிடங்குச் செலவும், முடங்கும் பணத்தின் வட்டியும் ஏறும். இரண்டும் சமனாகும் இடத்தைக் கண்டுபிடிக்கும் சூத்திரத்தை ஃபோர்டு ஹாரிஸ் என்ற பொறியாளர் 1913-லேயே எழுதிவிட்டார். கார் கம்பெனி ஃபோர்டுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. அந்தச் சூத்திரத்தில் வர்க்கமூலம் வருகிறது, சுவாரசியமே அதில்தான். விற்பனை நான்கு மடங்கானால் ஒரு முறை வாங்கும் அளவு இரண்டு மடங்கானால் போதும். விற்பனை ஏறிய வேகத்திலேயே கொள்முதலையும் ஏற்றுகிறவர்கள் தேவைக்கு மேல் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

நிறுவனங்களுக்குள் நடக்கும் சண்டைகளில் பாதி இங்கிருந்து கிளம்புகிறது என்பது என் அனுபவம். கொள்முதல் துறைக்குக் குறைந்த விலையில் வாங்கினால் பாராட்டு. அவர்கள் மொத்தமாக வாங்குவார்கள். உற்பத்தித் துறைக்கு மெஷின் ஓய்வில்லாமல் ஓடினால் பாராட்டு. அவர்கள் ஒரே மாடலை வாரக்கணக்கில் ஓட்டுவார்கள். விற்பனைத் துறைக்கு எல்லா மாடலும் எல்லா நேரமும் தயாராக இருக்க வேண்டும். நிதித் துறைக்கு ஸ்டாக்கே இருக்கக் கூடாது. மாதக் கூட்டத்தில் நால்வருமே இலக்கை எட்டியிருப்பார்கள், கம்பெனி மட்டும் நஷ்டத்தில் இருக்கும். நான் ஒரு ஸ்டோர்ஸில் வேலை பார்த்த காலத்தில், ஒரு நாள் தயாரான பொருள் முழு லோடு நின்றது, லாரி நின்றது, ஓட்டுநர் டாஷ்போர்டில் காலைத் தூக்கிப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். இல்லாதது அட்டைப்பெட்டி. கம்ப்யூட்டரில் இருப்பு 400 என்று காட்டியது, அலமாரியில் ஒன்றுகூட இல்லை. உள்ளதிலேயே விலை குறைந்த பொருள் என்பதால் அதை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. சங்கிலியை நிறுத்தும் பொருளுக்கு விலை உயர்ந்ததாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் கிடையாது.

இந்த விஷயத்தைப் பெரிய அளவில் அனுபவித்த நிறுவனம் டொயோட்டா. தேவைப்படும்போது, தேவைப்படும் அளவு மட்டும் வரவேண்டும் என்ற 'ஜஸ்ட் இன் டைம்' முறையை வளர்த்தவர்கள் அவர்கள். தாயிச்சி ஓனோ அதன் முக்கியச் சிற்பி. ஒரு பெட்டி உதிரிப்பாகம் காலியானதும் கான்பான் என்ற அட்டை முந்தைய கட்டத்துக்குத் திரும்பிப் போகும், அதற்கு ஈடாக மட்டும் அடுத்த பெட்டி தயாராகும். 1997 பிப்ரவரி 1 அன்று அய்சின் சைக்கி என்ற சப்ளையரின் ஆலையில் தீப்பிடித்தது. பிரேக் அழுத்தத்தைச் சரிசெய்யும் ஒரு சின்ன வால்வு, டொயோட்டாவுக்கு வேண்டியதில் ஏறக்குறைய முழுவதும் அந்த ஆலையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. ஜப்பானில் டொயோட்டாவின் கார் தயாரிப்பு நின்றது. ஆனால் சுமார் 200 நிறுவனங்கள், அந்த வால்வைத் தொட்டுக்கூடப் பார்த்திராதவை உட்பட, வரைபடத்தை வாங்கிக்கொண்டு தங்கள் பட்டறைகளில் அதைச் செய்யத் தொடங்கின. ஒரு வாரத்துக்குள் உற்பத்தி ஏறத்தாழ பழைய நிலைக்கு வந்தது. 'ஸ்டாக் வைக்காததன் ஆபத்தைப் பார்' என்று சொல்ல இந்தக் கதையைப் பயன்படுத்துகிறார்கள். 'சப்ளையர் உறவின் பலத்தைப் பார்' என்று சொல்லவும் இதையே பயன்படுத்துகிறார்கள். இரண்டும் சரிதான்.

இதற்கு எதிர்ப்பக்கக் கதை 2000 மார்ச்சில் நடந்தது. அமெரிக்காவின் ஆல்புகர்க்கி நகரில் பிலிப்ஸ் நிறுவனத்தின் சிப் ஆலையில் மின்னல் காரணமாகத் தீ. பத்து நிமிடத்துக்குள் அணைத்துவிட்டார்கள். ஆனால் சிப் தயாரிக்கும் தூய அறைக்குள் புகையும் நீரும் புகுந்துவிட்டன. இரண்டு பெரிய வாடிக்கையாளர்கள்: நோக்கியா, எரிக்சன். சுமார் ஒரு வாரம் தாமதமாகும் என்றுதான் இருவருக்கும் முதலில் சொல்லப்பட்டது. நோக்கியா அந்தப் பாகத்தைத் தனிக் கண்காணிப்பில் வைத்து, தினமும் விசாரித்து, நிலைமை மோசம் என்று தெரிந்ததும் வேறு ஆலைகளைப் பிடித்தது. எரிக்சனிடம் மாற்று சப்ளையர் இல்லை, விஷயம் மேலிடத்துக்குப் போகவும் நாளாகிவிட்டது. அது இழந்த விற்பனை சுமார் 40 கோடி டாலர். மறு ஆண்டு எரிக்சன் தன் கைபேசித் தொழிலை சோனியோடு கூட்டு வைத்துக்கொண்டது. இருவருக்கும் ஒரே நேரத்தில், ஒரே செய்தி. ஒருவர் அதைத் தகவலாக எடுத்துக்கொண்டார், இன்னொருவர் கோப்பில் போட்டுவைத்தார்.

எல்லாப் பொருளுக்கும் ஒரே மாதிரிச் சங்கிலி சரிப்படாது என்பதையும் சொல்ல வேண்டும். மார்ஷல் ஃபிஷர் என்ற மேலாண்மைப் பேராசிரியர் 1997-ல் ஒரு எளிய பிரிவைச் சொன்னார். தேவை சீராக உள்ள, லாபம் குறைந்த அன்றாடப் பொருள்களுக்குச் செலவைக் குறைக்கும் சங்கிலி வேண்டும்: பெரிய லோடு, நிறைந்த லாரி, ஓடிக்கொண்டே இருக்கும் மெஷின். ஃபேஷன் உடை, புது மின்னணுச் சாதனம் போன்றவற்றில் எது ஓடும், எது தூங்கும் என்று யாருக்கும் தெரியாது. அங்கே வேகமாக வளைந்துகொடுக்கும் சங்கிலி வேண்டும், அதற்குக் கொஞ்சம் அதிகம் செலவானாலும் தகும். இரண்டாவது வகைக்கு ஒரு அழகான உத்தி உண்டு: முடிவைத் தள்ளிப்போடுவது. பெனட்டன் நிறுவனம் ஸ்வெட்டர்களில் ஒரு பகுதியைச் சாயமேற்றாத நூலிலேயே பின்னி வைத்துக்கொண்டது. எந்த நிறம் விற்கிறது என்று தெரிந்த பிறகு சாயத்தில் முக்கியது. மொத்தம் எத்தனை ஸ்வெட்டர் போகும் என்று கணிப்பது, எத்தனை சிவப்பு, எத்தனை பச்சை என்று கணிப்பதைவிடச் சுலபம். ஒரு நிறத்தில் ஏறும் பிழை இன்னொன்றில் இறங்கி ஈடாகிவிடும்.

நான்கு ஊர்க் கிடங்குகளை ஒன்றாக்கினால் பாதுகாப்பு ஸ்டாக், அதாவது கணிப்பு தவறினால் சமாளிக்க வைக்கும் கூடுதல் சரக்கு, ஏறக்குறைய பாதியாவதற்கும் காரணம் இதே ஈடாகுதல்தான். நான்கு ஊர்களின் தேவையும் ஏறத்தாழ ஒரே அளவாகவும், ஒன்றை ஒன்று சாராமலும் இருந்தால் இது பொருந்தும். என்ன, வண்டி தூரம் கூடும். இந்தத் துறையில் எதுவும் இலவசமாகக் கிடைப்பதில்லை. 1956-ல் மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரித் தொழிலதிபர், ஐடியல் எக்ஸ் என்ற கப்பலில் 58 கன்டெய்னர்களை ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். துறைமுகத்தில் மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்கும் செலவு சரிந்தது, உலகின் மறுகோடியில் வாங்குவது கட்டுப்படியானது. ஆனால் கடலில் மிதக்கும் அந்த வாரங்களெல்லாம் லிட்டில் விதியின்படி ஸ்டாக்கில்தான் சேர்கின்றன. 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் நின்றபோது, தங்கள் ஸ்டாக் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பல நிறுவனங்கள் புரிந்துகொண்டிருக்கும்.

டொயோட்டாவே 2011 ஜப்பான் பூகம்பத்துக்குப் பிறகு தன் கொள்கையைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டது. சப்ளையர்களுக்குச் சப்ளையர் யார், அவர்களுக்கு யார் என்று தேடிப் பட்டியலிட்டது. சிப் போன்ற, சட்டென்று மாற்று கிடைக்காத பாகங்களைச் சில மாதங்களுக்கு இருப்பு வைக்கும்படி சப்ளையர்களிடம் சொன்னது. 2021-ன் தொடக்கத்தில் மற்ற கார் கம்பெனிகள் சிப் கிடைக்காமல் திணறியபோது டொயோட்டா சில மாதங்கள் தாக்குப்பிடித்தது. செப்டம்பரில் அதுவும் உற்பத்தியைக் குறைக்கத்தான் வேண்டியிருந்தது.

இப்போது நம் மூன்று பேரிடம் திரும்புவோம். விதி அதே இரண்டு வார ஸ்டாக். ஒன்றை மட்டும் மாற்றலாம்: கடையில் விற்றது 110 என்ற எண் அன்றே மற்ற இருவருக்கும் தெரிகிறது, மூவரும் அதை வைத்தே திட்டமிடுகிறார்கள். கடைக்காரர் முன்போலவே 130 கேட்பார். மொத்த வியாபாரியிடம் மீதி 70, அவருக்கு வேண்டியது 260 அல்ல, 220. எனவே 150 கேட்பார். ஆலையில் மீதி 50, வேண்டியது 220, தயாரிப்பது 170. அடுத்த வாரம் மூவருக்கும் 110. 370, அப்புறம் பூஜ்யம் என்று ஆடியது 170, அப்புறம் 110 என்று அடங்கிவிட்டது. சரக்கு வேகமாக வந்து, இரண்டு வாரத்துக்குப் பதில் ஒரு வார ஸ்டாக்கே போதும் என்றாகிவிட்டால் ஆலையின் எண் 140-க்கு வரும். புது மெஷின் வாங்கவில்லை, கிடங்கு கட்டவில்லை. ஒரு எண் மூன்று இடத்தில் தெரிந்தது, அவ்வளவுதான்.

பின் ஏன் எல்லோரும் இதைச் செய்வதில்லை? கம்ப்யூட்டர் இணைப்பு இன்று ஒரு தடையே இல்லை. கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள். தன் விற்பனைக் கணக்கைக் காட்டினால் அடுத்த முறை விலை பேசும்போது மொத்த வியாபாரி அதை வைத்தே தன்னை மடக்குவார் என்பார். ஆலைக்குத் தெரிந்தால் தன்னைத் தாண்டி நேரே கடைக்குப் போய்விடும் என்பது மொத்த வியாபாரியின் பயம். 370-க்கும் 170-க்கும் இடையே உள்ள அந்த 200 பீஸில் மிச்சமாகும் பணத்தை மூவரும் எப்படிப் பங்கிட்டுக்கொள்வது என்று உட்கார்ந்து பேசி முடிக்காதவரை, கடைக்காரர் அந்த நோட்டை மேஜைக்கு அடியிலேயே வைத்திருப்பார்.